வயிற்றிலிருந்து வந்த ‘ம்’

தறிக்காட்டுப்பாளையத்தில் கரண்ட் போனால்தான் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கும். வீட்டுக்கு நான்கு விசைத்தறி என்று பகலும் இரவும் அடித்துக்கொண்டிருக்கிற ஊரில் காதல், கருமாதி, கட்சி விவகாரம் எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்லியாக வேண்டும் என்பதால், ரகசியம் என்ற சொல்லுக்கு அங்கே மின்வெட்டு என்றே பொருள் எழுதிவிடலாம். அப்படி ஓர் ஆடி மாதத்து மின்வெட்டில், தறிக்குப் பாவு நூல் ஓட்டுகிற ஒருவரின் மனைவி தன் மூத்த பெண்ணை மடியில் போட்டுக்கொண்டு, நரிக்கும் நண்டுக்கும் நடந்த வழக்கைக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்ணும் ‘ம்’, ‘ம்’ என்று உம் கொட்டிக்கொண்டிருந்தது. நண்டு வளைக்குள் போகிற கட்டத்தில் குனிந்து பார்த்தால் பெண் வாயைப் பிளந்துகொண்டு தூங்கி நெடுநேரம் ஆகியிருந்தது, ‘ம்’ மட்டும் நிற்கவில்லை. தாய்க்கு அப்போது வயிற்றில் ஐந்தாம் மாதம். சற்றே யோசித்துவிட்டு, கேட்கிற ஆள் இருக்கும்போது கதையை நடுவில் விடுவது மரியாதை இல்லை என்று நண்டின் வழக்கை அவள் முடித்துவைத்தாள்.

அந்த வாரம் கழிவதற்குள் ஊரில் ஐந்தாம் மாதத்தை எட்டிய வயிறுகள் எல்லாம் உம் கொட்டத் தொடங்கிவிட்டன. யாரும் பெரிதாக வியக்கவில்லை, உள்ளூர்ப் பள்ளியின் தமிழாசிரியர்களைத் தவிர. மெய்யெழுத்து தனியே நின்று சொல்லாகாது, அதன்மேல் ஓர் உயிர் வந்து ஏற வேண்டும் என்பது விதி என்று அவர்களில் மூத்தவர் எடுத்துச் சொன்னார். இளையவர், உயிர் இன்னும் முழுதாக வந்து சேராத மெய்யிடம் வேறு எந்த எழுத்தை ஐயா எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். மூத்தவர் அன்றைக்கு மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை என்று சொல்கிறார்கள்.

ஊர்க்காரர்கள் இலக்கணத்தில் நேரத்தைச் செலவழிக்கவில்லை. பதில் சொல்கிற ஒன்று கிடைத்துவிட்டது, அதனிடம் கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆம்பளையா என்று கேட்டார்கள், ‘ம்’ என்றது. தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார்கள். இதைக் கேள்விப்பட்ட சுகாதாரத் துறை அதிகாரி ஜீப்பில் வந்து, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று அறிவிப்பது தண்டனைக்குரிய குற்றம் என்ற ஸ்கேன் சென்டர் பலகையைக் கோயில் மதிலில் மாட்டிவிட்டு, வழக்குப் படிவத்தில் குற்றவாளியின் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் திரும்பிப் போனார். பிறகு பொதுச்சுவர்த் தகராறுகள் வந்தன. வயிற்றில் இருப்பது பொய் சொல்லாது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டதால், ஒரு கர்ப்பிணியை நாற்காலியில் உட்காரவைத்து, சுவர் எங்களுதுதானே கண்ணு என்று ஒரு தரப்பு கேட்கும், ‘ம்’ என்று தீர்ப்பு வரும். மறு தரப்பும் கேட்டால் அதற்கும் ‘ம்’ வரும் என்பது கொஞ்ச நாளில் தெரியவந்தது. அதற்காக ஊர் குழம்பிவிடவில்லை, முதலில் கேட்ட கேள்விக்கு வந்த பதிலே செல்லும் என்று ஒரு சட்டம் செய்துகொண்டது. அதன்பின் நியாயம் யார் பக்கம் என்பது போய், யாருடைய மொபெட் வேகமானது என்பதாயிற்று.

அந்த ஊருக்கு டாக்டர் பிரிசில்லா இந்த ‘ம்’ வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே வந்துகொண்டிருந்தவர். சொந்த ஊர் பாளையங்கோட்டை; வேலை நகரத்தில் ஓர் ஆராய்ச்சி மருத்துவமனையில்; தலைமுறை தலைமுறையாக இறங்கிவரும் நோய்களைத் தேடிப் போவது அவர் தொழில். தறிக்காட்டுப்பாளையத்துக்காரர்கள் ‘துவளை’ என்று ஒரு நோயைச் சொல்வார்கள். குழந்தை முழுசாக, அழகாகப் பிறக்கும். கண் துறுதுறுவென்று இருக்கும். கழுத்து மட்டும் நிற்காது. பிறகு கை, பிறகு கால், பிறகு மூச்சு என்று ஒவ்வொன்றாகத் துவண்டு, முதல் பிறந்தநாளுக்கு முன்பே போய்விடும். அதற்கு மருந்து இல்லை. பிரிசில்லா வீடு வீடாக ரத்தம் எடுத்தார், குடும்பங்களைக் காகிதத்தில் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், தாலி கட்டியதற்கு ஒரு கோடு, சொந்தத்துக்குள்ளேயே கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. முறைமாமன், முறைப்பெண் என்று ஊரே ஒன்றுக்குள் ஒன்றாக இருந்ததால், அந்தக் காகிதத்தில் ஒற்றைக் கோட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஒருமுறை கல்யாண மண்டபத்தில் எல்லோரையும் கூட்டி, மைக் பிடித்து, சொந்தத்தில் கட்டுவதால் என்ன ஆகிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சபை ‘ம்’ என்றது. இவ்வளவு எளிதில் ஓர் ஊர் ஒத்துக்கொள்ளும் என்று தான் நினைக்கவே இல்லை என்று அன்றைக்கு மனம் நெகிழ்ந்துபோய்க் கிளம்பினார். அடுத்த தை மாதத்தில் ஐந்து முறைக் கல்யாணங்கள் நடந்தன. ஐந்துக்கும் அவருக்குப் பத்திரிகை வந்தது.

அவர் செய்த இன்னொரு பிழை ஒரே ஒரு சொல்லில் இருந்தது. முறை என்ற சொல் தமிழில் ரொம்பவும் உழைக்கிற சொல். உறவும் அதுதான், நியாயமும் அதுதான், வாய்க்கால் தண்ணீர் இன்ன வயலுக்கு இன்றைக்கு என்று திறந்துவிடுகிற வரிசையும் அதுதான். கோகிலவாணியின் முதல் குழந்தை மகிழன் துவளையில் போனபின், அவளையும் புருஷன் சடையப்பனையும் உட்காரவைத்து, உங்கள் இரண்டு பேருக்கும் பிறக்கிற குழந்தைக்கு இது நாலில் ஒரு முறை வரும் என்று பிரிசில்லா சொன்னார். ஒவ்வொரு கர்ப்பத்திலும் மறுபடியும் அதே ஆபத்து என்பது அவர் சொல்ல வந்தது. தண்ணீர் முறை பார்த்து வளர்ந்தவர்கள் காதில் விழுந்தது வேறு: நாலில் ஒரு முறை, அந்த முறை தீர்ந்துபோயிற்று, இனி மூன்று குழந்தைக்குக் கவலை இல்லை. அந்த நம்பிக்கையில்தான் அடுத்த கர்ப்பம் வந்தது. கோகிலவாணிக்கு மட்டும் உள்ளே எங்கோ உறுத்தியிருக்க வேண்டும். நாலாம் மாதத்தில் யாரிடமும் கேட்காமல் பஸ் ஏறிப் போய், வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குடத் தண்ணீர் எடுக்கிற பரிசோதனைக்குப் படுத்துவிட்டு வந்தாள்.

ஐந்தாம் மாதத்தில், முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பிரிசில்லா அவள் வீட்டுக்கு வந்த காலையில் கரண்ட் இல்லை. சடையப்பன் நூல் சுற்றிய தார்க்குச்சியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். கோகிலவாணியின் அம்மா நாச்சம்மாள் டீ கொண்டுவந்து வைத்தாள். அவள் சடையப்பனுக்குக் கூடப்பிறந்த அக்காவும் மாமியாரும் ஆவாள். தன் தம்பிக்கே பெண்ணைக் கொடுத்தவள்.

“ரிசல்ட் வந்திருக்கு கோகிலா,” என்றார் பிரிசில்லா.

“ம்.”

கோகிலவாணி வாயைத் திறக்கவில்லை. சத்தம் சேலை மடிப்புக்குள்ளிருந்து வந்தது.

இதே செய்தியை எத்தனையோ வீடுகளில் சொல்லியிருக்கிற பிரிசில்லாவுக்கு, சம்பந்தப்பட்ட ஆளையே கூட வைத்துக்கொண்டு சொல்கிற நிலைமை இதற்குமுன் வந்ததில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“இதுக்கும் அதேதாம்மா. மகிழனுக்கு இருந்தது.”

“ம்.”

“சட்டப்படி இன்னும் கொஞ்ச நாள் இருக்கு. பெறுததா, வேண்டாமான்னு நீதான் சொல்லணும். நீ எதைச் சொன்னாலும் நான் கூட இருப்பேன்.”

“ம்,” என்றது அது, யாரும் அதைக் கேட்காமலே.

நாச்சம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “அப்ப நான் குடுத்தது தப்புங்களா? எந்தம்பிக்கு உரிமைப்பட்டவன்னுதானுங்க குடுத்தேன்?”

“தப்புன்னு யாரும் சொல்லல நாச்சம்மா.”

“சொல்லாட்டி என்னுங்க? இதை அழிச்சா ஊரே சொல்லும்.”

சடையப்பன் தார்க்குச்சியைக் கீழே வைத்தான். “எதுக்கு நாம மண்டைய ஒடைச்சுக்கணும்? உள்ள இருக்கறதையே கேட்டுப்போடலாம். அது வர்றேன்னு சொல்லிப்போட்டா, யாரு என்ன பேச முடியும்?”

கோகிலவாணி புருஷனைப் பார்த்தாள். “எங்கிட்டக் கேக்கறதில்லையா மாமா?”

“நீயும் ம்னுதானே சொல்லுவே அம்மிணி,” என்றான் அவன், அன்பாகவே.

மறுநாள் முற்பகலில் தறி முதலாளி மயில்சாமியின் கூடத்தில் ஊர் கூடியது. பஞ்சாயத்துக்கு அவர்தான் தலைவர். எதிலும் ஒரு நக்கல் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டார். அவர் கையைக் காட்டியதும் வரிசையாகத் தறிகள் நின்றன, பக்கத்து வீட்டுத் தறிகளும் அடுத்த தெருவுத் தறிகளும் நின்றன, கடைசியில் ஊர் முழுதும் நின்று, பஞ்சுத் தூசு மட்டும் வெளிச்சத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கோகிலவாணி உட்கார்ந்திருந்தாள்.

பிரிசில்லா எழுந்தார். “கேள்வி கேக்கதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிக்கிடுதேன். ம்னா ஆமான்னு அர்த்தம் இல்ல. காதுல விழுது, மேல சொல்லுன்னு அர்த்தம். அந்தக் குழந்தைக்கு வேற எழுத்தே தெரியாது.”

“அப்படிங்களா?” என்றார் மயில்சாமி. “அன்னைக்கு மண்டபத்துல நீங்க பேசறப்ப நாங்கெல்லாம் ம் கொட்டினமே, அதுங்க?”

“அதுவும் இதேதான்னு தை மாசம் பத்திரிகை வந்தப்ப தெரிஞ்சுக்கிட்டேன்.”

கூடம் சிரித்தது. கோகிலவாணிகூடச் சிரித்ததாகச் சொல்கிறார்கள். சிரிப்பு அடங்கியதும் மயில்சாமி, “சரி, அர்த்தம் என்னமோ இருக்கட்டுமுங்க. இந்த ஊர்ல இத்தனை வழக்கு இதை வெச்சுத்தான் தீந்திருக்குது. இதுக்கு மட்டும் செல்லாதுன்னா, தீந்ததெல்லாம் மறுக்கா எந்திரிச்சு வரும்,” என்றார். அதில் நியாயம் இருந்தது; எத்தனை சுவர்கள் எழும்பிவிட்டன. “சடையப்பா, தகப்பன் நீ. மொதக் கேள்வி உன்னுது. வெசயாக் கேளு, தறி நிக்குது.”

சடையப்பன் நாற்காலியின் முன்னால் மண்டியிட்டான். என்ன கேட்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தான், பொறக்கறியா சாமி என்று. அவன் வாயைத் திறப்பதற்குள் கோகிலவாணி தன் வயிற்றின்மேல் இரண்டு கையையும் விரித்து வைத்து, காதைப் பொத்துவது மாதிரி மூடினாள்.

“கேள்வி வேண்டாம் மாமா. அதுக்கு என்ன தெரியும்னு கேக்கறீங்க? மொதல்ல சொல்லோணும்.”

பிறகு கையை எடுத்துவிட்டு, எல்லோர் முன்னாலும் சொல்லத் தொடங்கினாள்.

“ஒரு ஊர்ல மகிழன்னு ஒரு பையன் இருந்தான். உனக்கு அண்ணன்.”

ம்.

“பொறந்தப்ப அத்தனை அழகு. பாக்கறவங்க கண்ணு பட்டுரும்னு கன்னத்துல காக்காசு அகலத்துக்கு மை வெப்பேன்.”

ம்.

“ரெண்டு மாசத்துல தலைய நட்டமாப் புடிச்சா சாஞ்சுக்கும். கொழந்தைன்னா அப்படித்தான்னாங்க. நாலு மாசத்துலயும் சாஞ்சுது. காலைத் தூக்கி ஒதைக்கவே இல்லை. கண்ணு மட்டும் நான் போற பக்கமெல்லாம் கூடவே வரும். தறி நின்னாச் சிரிப்பான். ஓடுனா நிறுத்திக்குவான், எங்களுக்குக் கேக்காதுன்னு நெனைச்சுக்கிட்டானோ என்னமோ.”

ம்.

“அப்பறம் பால் குடிக்கறதுக்கே மூச்சு பத்தலை. நெஞ்சு அசையாது, வயிறு மட்டும் ஏறி எறங்கும். சளி கட்டிக்கும், துப்பத் தெரியாது. ஆஸ்பத்திரியில மூக்குல குழாய் விட்டு உறிஞ்சுவாங்க. அப்ப அழுவான். சத்தம் வராது, தண்ணி மட்டும் வரும். நான் கையைப் புடிச்சுக்குவேன், அவன் என்னைப் புடிக்க மாட்டான், புடிக்கறதுக்கு வெரலு மடங்காது.”

ம், என்றது. ம், என்று இந்தமுறை கூடத்திலும் சில பேர் அவர்களை அறியாமல் சொன்னார்கள்.

“கடேசில படுக்க வெச்சா மூச்சு முட்டும்னு நானும் உங்கப்பாவும் மாத்தி மாத்தித் தோள்ல போட்டுக்கிட்டே நின்னோம். ஒரு நாள் காலைல அவரு தோள்ல இருந்தான். தறிக்கு நேரமாச்சு, இங்க குடுங்கன்னு வாங்குனேன். வாங்கறப்பவே கனமா இருந்தான்.”

ம்.

“வாய்க்கா மேட்டுல வெச்சோம். அவ்வளவுதான் சாமி. கதை முடிஞ்சுது.”

அந்த ஊரில் அப்படியொரு அமைதி அதற்குமுன் இருந்ததில்லை; தூரத்தில் ஓர் ஆடு தழையைக் கடிப்பதுகூடக் கேட்டது. அந்த அமைதியில், கதை முடிந்த பிறகும், வயிற்றிலிருந்து இன்னும் ஒரு ‘ம்’ வந்தது. சற்று நீளமாக, கடைசியில் கொஞ்சம் மேலே ஏறி.

உடனே ஊர் இரண்டாயிற்று. இத்தனையும் கேட்டுவிட்டு வர்றேன் என்கிறது, என்ன தைரியம் பாரு என்று ஒரு பாதி. இத்தனையும் கேட்டபின் போறேன் என்கிறது, விவரமான குழந்தை என்று மறு பாதி. கேள்வியே கேட்காதபோது பதில் எப்படிச் செல்லும் என்று சட்டம் பேசினார்கள் சிலர்.

“ரெண்டுமில்லீங்க,” என்றாள் கோகிலவாணி. அவள் கத்தவில்லை; கத்தாமல் பேசினால் கேட்கிற நேரம் அது. “அது அப்பறம்ங்குது. அப்பறம் என்னாச்சுன்னு கேக்குது. அப்பறம் சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லை.” பிரிசில்லாவைப் பார்த்தாள். “அண்ணனோட கதையை இதோட ஒடம்பு மேல மறுக்கா நடத்திக் காட்ட என்னால ஆகாதுங்க டாக்டர். வண்டிய எடுக்கச் சொல்லுங்க.”

“கோகிலா,” என்றாள் நாச்சம்மாள்.

“அம்மா, நீ குடுத்தே, மாமா வாங்கிக்கிட்டாரு, நான் போனேன். அதை வந்து பேசிக்கலாம். இப்ப ஒரு பழைய சேலை எடுத்துக்குடு, இதைச் சுத்தறதுக்கு.”

மயில்சாமி முதல்முதலாக எந்த நக்கலும் இல்லாமல் எழுந்து போய்ச் சுவிட்சைப் போட்டார். தறிகள் ஓடின. அதன்பின் யார் என்ன பேசினாலும் யாருக்கும் கேட்கவில்லை; சாபம் கொடுத்தவர்களும் இருந்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள், வாய் அசைவு எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

பிரிசில்லாவின் ஆஸ்பத்திரி வேன் ஊர் எல்லையைத் தாண்டும்போது சடையப்பன் பின்னாலேயே ஓடிவந்து கதவைத் தட்டி ஏறிக்கொண்டான். ஒரு மூலையில் முகத்தைத் திருப்பி உட்கார்ந்தான். கோகிலவாணி அதற்குள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள், ஏனென்றால் அது கேட்பதை நிறுத்தவில்லை. இது புளியமரம், இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்பார்கள், நான் பார்த்ததில்லை, இது கரும்புக்காடு, வெட்டும்போது சோகை பட்டு உடம்பெல்லாம் அரிக்கும், வெல்லம் காய்ச்சும்போது ஊர் முழுக்க மணக்கும், இது மழை வரப்போகிற வானம், இது எருமை, குளிக்கப் போகிறது, எழுந்து வர மனசே வராது அதற்கு, இது பரோட்டாக்கடை, இது பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள், ஒருவனை ஒருவன் பையால் அடித்துக்கொள்கிறார்கள், சும்மா, விளையாட்டுக்கு, இது ரயில்வே கேட், மூடிவிட்டால் நிற்க வேண்டும், நின்றால் முறுக்கு விற்க வருவார்கள், இது உப்பு, இது உறைப்பு, மொறுமொறு என்பது இந்தச் சத்தம், கேட்டாயா. ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ என்றது. ஓர் ஆயுசுக்குப் போதுமான அளவுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பார்த்ததையும் பார்க்காததையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டே வந்தவளுக்கு, நகரத்துப் பாலம் ஏறும்போது தொண்டை கட்டிக் காற்று மட்டும் வந்தது.

பிரிசில்லா அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். அவருக்குக் கதை சொல்லி வழக்கமில்லை. “உன்னை முதல்ல பாத்தது நான்தான்,” என்று தொடங்கினார், அறிக்கை வாசிக்கிற குரலில். “ஒரு சின்னக் குப்பியில இருந்தே. இளம் மஞ்சள் தண்ணி, வைக்கோல் நிறம். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சேன். உன் மரபணுவுல ஒரே ஒரு எழுத்துல தப்பு வந்திருக்கான்னு தேடினேன். மத்ததெல்லாம் சரியா இருந்துது. கோடிக் கணக்குல எழுத்து, எல்லாம் சரியா இருந்துது.”

ம், என்றது.

வேன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. கோகிலவாணி கையை நீட்டி, மூலையில் இருந்தவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குரல் இல்லாததால் உதட்டால் சொன்னாள். நீங்க, மாமா.

“எனக்கு என்ன தெரியும்,” என்றான் சடையப்பன். “தறி ஓட்டறவன்.”

அவள் சட்டையை விடவில்லை. அவன் வேனின் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, சேலை மடிப்புக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், தறிச் சத்தத்தில் பேசியே பழகியவன், எவ்வளவு மெதுவாகப் பேச வேண்டும் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டிருந்தான்.

“சாமி,” என்றான். “நான்தான் உங்கப்பன்.”

ம்.

“எம்பேரு சடையப்பன்.”

ம்.

நர்ஸ் ஒருத்தி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து வேன் கதவைத் திறந்து, ரெடியா இருக்காங்க, வாங்க என்றாள். பிரிசில்லா கையை உயர்த்தி அவளை அங்கேயே நிறுத்தினார்.

“நான் பொறந்தது,” என்றான் சடையப்பன், “ஒரு மழை நாள்ல.”